தையல் இல்லாத பை

1913 செப்டம்பர் 29, திங்கள்

இன்றைக்கும் மத்தியானச் சோறு ஆறிப்போனது. இவர் வந்தது மூன்று மணிக்கு. வந்தவர் கைகூடக் கழுவாமல் ஐந்து போத்தல்களை ஜன்னல் விளிம்பில் வரிசையாக அடுக்கினார். எல்லாவற்றிலும் செம்மண் தண்ணீர். "என்னங்க இது?" என்றேன். "புதுக்காட்டுத் தண்ணி" என்றார். அதோடு சரி. அந்தப் போத்தலைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்து எத்தனை நாளாகிறது!

மேல் மலையில் காட்டை வெட்டிப் புதுத் தேயிலை வைக்கிறார்கள். எழுபது பேருக்கு விடிந்ததிலிருந்து அங்கேதான் வேலை. குழாயில் வருகிற பீலித் தண்ணீர், கூலிச் சனங்கள் குடியிருக்கிற லயத்தோடு நின்றுவிடுகிறது. அங்கே ஓடையை விட்டால் வேறு வழியில்லை. மரங்கள் விழுந்த பிறகு ஓடை சிவப்பாக ஓடுகிறது. போன மாதம் வயிற்றுக்கடுப்பில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்தார்கள். துரை இவரைக் கூப்பிட்டு, "பங்களாவில் இருக்கிற கல் வடிகட்டியை எல்லாம் அங்கே தூக்கிக்கொண்டு போக முடியாது. காட்டிலேயே கட்டித் தொங்கவிடுகிற மாதிரி, மலிவான துணிப்பையாக ஒன்று பார்த்துச் சொல்" என்றாராம். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சருக்கு இனி இதுவும் ஒரு வேலை.

துணிப்பை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் தையல் மிஷினோடு ஒருத்தி இருக்கிறேன், ஊரெல்லாம் தேட வேண்டுமா என்ன?

ஒக்டோபர் 1, புதன்

பதுளைக்குப் போய் வந்தோம். இப்றாஹீம் கடையில் இவர் செய்த கூத்து! ஒவ்வொரு துணியையும் வாசலுக்கு எடுத்துப் போய், வெயிலில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். இப்றாஹீம் முதலாளி பாவம், பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "டாக்டர் ஐயா, துணியில என்ன குத்தம் தேடுறீங்க?" என்று கேட்டே விட்டார்.

பிளானல் நன்றாகத்தான் இருக்கிறது. விலையைக் கேட்டதும் இவர் முகத்தில் ஈயாடவில்லை. எழுபது பேருக்கு அதில் பை தைத்தால் துரை இவரையே தொங்கவிட்டு விடுவார். சோதனைக்கு அரை கெஜம் பிளானல், கொஞ்சம் மெல்லிய மல் துணி, மீதி எல்லாம் முரட்டுக் காடா. காடாவுக்கு நான்தான் பேரம் பேசினேன். இவருக்கு அது வராது.

ஒக்டோபர் 4, சனி

மூன்று பை தைத்து முடித்தேன். கூம்பு மாதிரி, வாயில் பிரம்பு வளையம் வைத்து, அடியில் இரட்டைத் தையல். மூன்று கம்பை நட்டு வீட்டுக்குப் பின்னாலேயே தொங்கவிட்டுப் பார்த்தோம். மல்லில் மண் அப்படியே இறங்குகிறது. பிளானலில் தண்ணீர் தெளிவு, ஆனால் ஒரு செம்பு நிறைவதற்குள் தூக்கம் வந்துவிடும். காடா நடுத்தரம். இவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ரொம்ப நேர்த்தியா இருக்கு றோசா" என்றார். இரண்டு தடவை சொன்னார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இவர் வாய் திறந்து பாராட்டியது என் தையலை மட்டும்தான். சமையலுக்குப் பேச்சே இல்லை. முகத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இந்த ஒன்றாவது இருக்கிறதே என்று இன்று சந்தோஷமாகப் படுக்கிறேன்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

காடாப் பையைப் புதுக்காட்டுக்கு எடுத்துப் போனவர், திரும்பி வந்ததும் வராததுமாக, "மீனாம்பாள் ஒண்ணு சொன்னா றோசா, பளிச்சுன்னு புரிஞ்சிருச்சு" என்கிறார்.

யார் மீனாம்பாள்? வீரசிங்கம் கங்காணியின் தம்பி செத்துப் போனானே, அவன் பெண்டாட்டி. அங்கே களை எடுக்கிறவள். அவள் என் பையைக் கையில் வாங்கி, அடியைத் தடவிப் பார்த்து, "ஊசி போன ஓட்டையெல்லாம் தண்ணிக்கு வாசல்தானுங்களே ஐயா" என்றாளாம். இவர் உடனே பார்த்தாராம். மண் தையல் வழியாகத்தான் இறங்குகிறதாம்.

அதாவது என் தையல்தான் குற்றம். எதைப் பாராட்டினாரோ அதுவே குற்றம். சொன்னது யார்? ஊசி பிடிக்கத் தெரியாதவள்!

ஒக்டோபர் 8, புதன்

மீனாம்பாள் சொன்னா, மீனாம்பாள் சொன்னா. இன்றைக்கு ஆறு தடவை. எண்ணிக்கொண்டே இருந்தேன்.

ஒக்டோபர் 10, வெள்ளி

நாளைக்குத் துரை புதுக்காட்டுக்கு வந்து பைகளைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பாராம். என் பை ஒன்று. அவளும் ஒன்று கொண்டுவருகிறாளாம். கொண்டுவரட்டுமே.

புதிதாக ஒன்று தைத்துவிட்டேன். அடியில் தையல் இல்லாமல் பக்கத்தில் மட்டும், அதுவும் பொடித் தையல். வாயைச் சுற்றி நீல நூலில் ஒரு ஓரம். துவைத்து, நல்ல கெட்டிக் கஞ்சி போட்டு, கரிப்பெட்டி வைத்து மடிப்பு மடிப்பாகத் தேய்த்தேன். தூக்கிப் பிடித்தால் விறைத்து நிற்கிறது. துரையின் சட்டைக் காலர்கூட இப்படி நிற்காது. லயத்துக்காரி கசக்கிக் கொண்டுவருவதற்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்க்கட்டும், அப்போது தெரியும்.

ஒக்டோபர் 11, சனி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

நானும் போயிருந்தேன். துரை குதிரையிலிருந்து இறங்கி, என் பையைப் பார்த்து, "அழகு" என்றார். இவர் தண்ணீரை ஊற்றினார். நின்றது. ஊற்றின தண்ணீர் பைக்குள்ளேயே நின்றது. கஞ்சி துணியை அடைத்துக்கொண்டுவிட்டது. எழுபது பேரும் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள். அப்புறம் ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. கீழே விழுந்தது வெள்ளையாக இருக்கிறது. கூட்டத்தில் ஒரு கிழவன், "ஐயா, ஒரு கல் உப்புப் போட்டா குடிச்சிறலாம்" என்றான். சிரிப்பு மலைக்கே கேட்டிருக்கும். துரைகூட மீசைக்குள் சிரித்தார். மூன்று வருஷமாக ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிறவளுக்கு, தண்ணீருக்குப் போகிற துணியில் கஞ்சி போடக்கூடாது என்று தெரியவில்லை! எல்லாம் அவள் துணிக்குப் பக்கத்தில் பளபளக்க வேண்டும் என்கிற கிறுக்கு.

அவள் கொண்டுவந்தது பையே இல்லை. ஒரு சதுரத் துணி, நாலாக மடித்து, வளையத்தில் சுருக்கிக் கட்டியிருந்தாள். ஒரு தையல் கிடையாது. பழையது மாதிரி மெத்தென்று இருந்தது. உடனே ஒருவன், "யாரு கட்டின துணி? கண்டவங்க உடுத்தினதுல நாங்க குடிக்க மாட்டோம்" என்றான். நான் சரி, தொலைந்தாள் என்று நினைத்தேன். அவள் நிதானமாக, "யாரும் கட்டல மாமா. கடையில எடுத்த காடா. வண்ணாங்கிட்ட குடுத்து நாலு வெள்ளாவி போட்டது. நூலு உப்பிக்கிட்டா ஓட்டை அடைஞ்சிரும், தண்ணிய விடும், மண்ணை விடாது. கூவைக்கிழங்கு மாவு வடிக்க நாங்க அப்பிடித்தான் செய்வோம்" என்றாள்.

எந்தக் காடா? நான் பேரம் பேசி வாங்கின காடா! இவர்தான் மிச்சத் துண்டை அவளுக்குக் கொடுத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

தண்ணீர் தெளிவாக இறங்கியது. ஒரு செம்பு நிறைய ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. துரை அதைத்தான் எடுத்துக்கொண்டார்.

ஒக்டோபர் 15, புதன்

இருபது துணிக்கு ஓரம் மடித்துத் தரச் சொன்னார் இவர். "உன் கை பட்டாத்தான் நேரா இருக்கும்" என்றார். சமாதானம் செய்கிறாராம். அவள் பைக்கு நான் ஓரம் அடிக்கிறேன். மிஷினைச் சுற்றச் சுற்றப் பற்றிக்கொண்டு வந்தது.

மீனாம்பாளை இனிக் களை எடுக்க அனுப்ப மாட்டார்களாம். காட்டில் தண்ணீர் வடிப்பதும் பை துவைப்பதும்தான் அவள் வேலை. இவர்தான் துரையிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தார்.

ஒக்டோபர் 18, சனி

மத்தியானம் இவர் வரவில்லை என்று நானே சோற்றைக் கட்டிக்கொண்டு புதுக்காட்டுக்கு ஏறினேன். அட்டை கடித்து இரண்டு காலிலும் ரத்தம்.

வளைவில் நின்று பார்த்தேன். அவள் பையை உள்வெளியாகத் திருப்பி உதறிக் காட்டுகிறாள். இவரும் ஒன்றை எடுத்து உதறுகிறார். சேறு தெறித்து இவர் மூக்குக் கண்ணாடியெல்லாம் அப்பிக்கொண்டது. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இவரும் சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்க.

இவருக்கு அப்படிச் சிரிக்கத் தெரியுமா? எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

சோற்றைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். சுற்றிலும் இருபது பேர் இருந்தார்கள், தப்பாக ஒன்றும் இல்லை. தெரியும். எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒக்டோபர் 22, புதன்

தீபாவளிக்கு ரவிக்கை அளவு கொடுக்க வீரசிங்கம் கங்காணியின் மனைவி ராமாமிர்தம் வந்திருந்தாள். "என்ன டாக்டரம்மா, முகம் வாடிக் கெடக்கு?" என்றாள்.

நான் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "இவரு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வர்றதே இல்லீங்க. எந்நேரமும் புதுக்காடுதான். உங்க வீட்டுப் பொண்ணும் அங்கதானே இருக்கு... நான் ஒண்ணும் சொல்லல. கொஞ்சம் பாத்துக்குங்க" என்றேன்.

ராமாமிர்தம் அதற்குமேல் ரவிக்கையைப் பற்றிப் பேசவில்லை. துணியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டாள்.

ஒக்டோபர் 23, வியாழன்

நான் சொன்னதில் ஒரு வார்த்தையாவது பொய்யா? இல்லையே. அப்புறம் ஏன் சோறு இறங்கவில்லை?

நவம்பர் 3, திங்கள்

மீனாம்பாளை அனுப்பிவிட்டார்கள். கங்காணி துரையிடம் அவளை வேலையிலிருந்து விடுவிக்கிற துண்டு வாங்கி, தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தில் சொந்தக்காரக் கங்காணியிடம் சேர்த்துவிட்டாராம். குடும்ப விஷயம் என்று மட்டும் சொன்னாராம். துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு மேல் துரை எதையும் கேட்கிறவர் இல்லை.

அதற்கு முன்னால் பத்து நாளாக லயமெல்லாம் அதே பேச்சு. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் அவள் பெயர் கூப்பிட்டாலே பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்களாம். பால் கொண்டுவருகிறவள் சொன்னாள். என் முகத்துக்கு நேரே முழுசாகச் சொல்லவில்லை, பரிதாபமாகப் பார்த்தாள். இவருக்கு ஒன்றும் தெரியாது. டாக்டர் ஐயாவிடம் யார் போய்ச் சொல்வார்கள்?

"நல்லா வேலை செஞ்ச ஆளை எதுக்கு அனுப்பிட்டாரு?" என்று இவர் என்னையே கேட்கிறார். "எனக்கென்ன தெரியும்" என்றேன்.

நவம்பர் 5, புதன்

மத்தியானம் பன்னிரண்டரைக்கே இவர் சாப்பிட வந்தார். இதுதானே வேண்டும் என்று கேட்டாய் றோசாலி? சாப்பிட்டு முடிக்கும் வரை ஜன்னல் போத்தல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 17, திங்கள்

மழை விடவில்லை. மறுபடியும் வயிற்றுக்கடுப்பு. ஒன்பது பேர் ஆஸ்பத்திரி அறையில் பாயில் கிடக்கிறார்கள். இவர் கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது.

பைகளை யாரும் துவைப்பதில்லையாம். அவள் தினமும் திருப்பித் துவைத்து, கொதிநீரில் போட்டு, அடுப்புப் புகையிலாவது காயவைப்பாளாம். இப்போது வைத்தது வைத்தபடி தொங்குகிறது, பக்கத்தில் போக முடியாத நாற்றம். சனங்கள் திரும்பவும் ஓடையில் வாய் வைக்கிறார்கள். வேறு ஒருத்தியைப் போட்டார்கள். நாலே நாளில் வேண்டாம் என்று ஓடிவிட்டாளாம். அந்த வேலைக்குப் போனால் என்ன பேர் வரும் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

அது என்னால். என்னால்தான்.

நவம்பர் 24, திங்கள்

இன்றிலிருந்து நானே புதுக்காட்டுக்குப் போகிறேன். டாக்டரம்மா பை துவைக்கிறாள் என்று வாயைப் பிளந்தார்கள். பிளக்கட்டும். இருபது பை. கை எல்லாம் வெந்துபோனது. துணியை நாலாக மடித்தால் ஓரம் ஒன்றின்மேல் ஒன்று நிற்காமல் வழுக்குகிறது. அவள் எப்படிக் கட்டினாள் என்று யோசித்து யோசித்து மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினேன். அவளைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். அதை நினைத்தாலே மறுபடியும் எரிகிறது. இல்லாதவள்மேல்கூடப் பொறாமைப்பட என்னால்தான் முடியும்.

டிசம்பர் 13, சனி

இரண்டு வாரமாகப் புதிதாக யாரும் விழவில்லை. துரை காட்டுக்கு வந்து, எல்லார் முன்னாலும் எனக்குத் தொப்பியைக் கழற்றினார். பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் எழுதப் போகிறாராம். லயத்தில் இப்போது அதற்கு "டாக்டரம்மா பை" என்றே பெயர். இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒக்டோபரில் இந்த ஒரு பார்வைக்காக நான் செத்துக்கொண்டிருந்தேன்.

அது என் பை இல்லை என்று யாருமே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

டிசம்பர் 24, புதன்

பதுளை மாதா கோயிலில், சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம். "பொறாமைப்பட்டேன் சுவாமி" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். பரிகாரமாக மாதாவுக்கு மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். மூன்றே மூன்று! முழுசாகச் சொல்லியிருந்தால் எத்தனையோ?

1914 ஜனவரி 20, செவ்வாய்

தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து டாக்டரம்மா பையைப் பற்றிக் கேள்விப்பட்டோம், கற்றுக்கொண்டு போக ஓர் ஆளை அனுப்புகிறோம் என்று போன வாரமே சீட்டு வந்திருந்தது. இன்று பத்து மணிக்குக் கதவைத் திறந்தால் மீனாம்பாள் நிற்கிறாள்.

இளைத்துப்போயிருந்தாள். "பையைக் கத்துக்கிட்டு வரச் சொன்னாங்கம்மா" என்றாள். கேலி செய்கிறாளோ என்று முகத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. இவர் ஆஸ்பத்திரி அறையில் இருந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

துணியை எடுத்து வைத்தேன். எனக்குக் கை வரவில்லை. "நீதானே இதைக் கண்டுபிடிச்சவ, அங்கே சொல்லலியா?" என்றேன்.

"சொன்னா யாரும்மா நம்புவா? துண்டு குடுத்து விரட்டுனவன்னு அங்கயும் தெரியும்" என்றாள். அப்புறம் தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மாற்றாமல்:

"நானாத்தான் வர்றேன்னு கேட்டு வந்தேம்மா. உங்களப் பாக்கணும்னு. உங்க புருஷனயும் என்னயும் சேத்து வச்சு ஊரே பேசுச்சு. வேற ஒருத்தியா இருந்தா எம் மயிரப் புடிச்சு இழுத்திருப்பா. நீங்க மட்டுந்தான் என்னைய ஒரு வார்த்த கேக்கல. எம்மேல தப்பில்லன்னு உங்ககிட்ட சொல்லிட்டுப் போனாத்தான் மனசு ஆறும். யாரு கெளப்பி விட்டாங்கிறதுதான் தெரியல. எந்தப் பாவியோ."

சொல்லிக்கொண்டே என் காலைத் தொட வந்தாள். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"நான்தான் மீனாம்பா" என்றேன். "ராமாமிர்தத்துகிட்ட நான்தான் சொன்னேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். நீட்டின கையை மடியில் வைத்துக்கொண்டாள். "எதுக்கும்மா?" என்றாள். "உன் பை நல்லா இருந்துச்சு" என்றேன். வேறு என்ன சொல்ல? அதுதானே நிஜம்.

எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினாள். "ஐயாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. இன்னைக்கே சொல்லிடறேன்."

"அவருகிட்ட தனியாச் சொல்றதுனால எனக்கு என்ன வரப்போவுது?" என்றாள். "பெரட்டுல சொல்லுங்க. அங்கதான் எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிச்சாங்க."

ஜனவரி 21, புதன்

சொல்லிவிட்டேன்.

விடிகாலை, பெரட்டுக் களம், பனி. இருநூறு பேர் இருப்பார்கள். கங்காணி பெயர் கூப்பிட்டு முடித்ததும் நான் முன்னால் போய் நின்றேன். இவர் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுக்க வந்திருந்தார், கையில் புட்டியோடு அப்படியே நின்றார். "மீனாம்பாள்மேல ஒரு தப்பும் இல்ல. பொறாமையில நான் கட்டிவிட்ட பேச்சு அது. அந்தப் பையும் அவளோடதுதான்" என்றேன். "இன்னும் சத்தமா" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். சத்தமாகத் திரும்பச் சொன்னேன்.

ராமாமிர்தம் காறித் துப்பினாள். வீரசிங்கம் கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். மீனாம்பாள் களத்து ஓரத்தில் மூட்டையோடு நின்றிருந்தாள். நான் சொல்லி முடித்ததும் தெமோதரைப் பாதையில் இறங்கிப் போய்விட்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

இவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். போத்தல்களைத் துடைத்தார்.

ஜனவரி 24, சனி

நாலாம் நாள் இன்றைக்குத்தான் இவர் வாயைத் திறந்தார். மற்றத் தோட்டங்களுக்குப் போகிற கடுதாசியைத் துரை இவரையே எழுதச் சொல்லியிருக்கிறார். மேசையில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், "பைக்கு என்ன பேரு போடட்டும்?" என்றார்.

"மீனாம்பாள் பைன்னு போடுங்க."

பதினான்கு தோட்டம். பதினான்கு கடுதாசியிலும் எழுதினார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் உறையில் போட்டு ஒட்டினேன். ஒவ்வொன்றுக்கும் வயிறு எரியத்தான் செய்தது. பொய் எதற்கு?

சாயங்காலம் பால் கொண்டுவருகிறவள் சேதி சொன்னாள். வீரசிங்கம் கங்காணி தானே தெமோதரைக்குப் போய், திரும்பி வந்துவிடு என்று மீனாம்பாளைக் கூப்பிட்டாராம். வர மாட்டேன், இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாளாம். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் அப்புறம்தான் வந்தது.